திட்டு கவிதைக்கா, கவிஞருக்கா?

கேள்வி: என் முதல் கவிதைத் தொகுப்பு போன வருடம் வந்தது. ஒரு சிற்றிதழ் மதிப்புரையில், 'அம்மாவின் சுருக்குப்பையில் / நாலு வெற்றிலை, ஒரு காசு / ஒரு துயரம்' என்ற வரிகளை எடுத்துப்போட்டு, கடைசி வரி வேண்டாத விளக்கம் என்றார்கள். 'வங்கி கவுன்டரில் இருப்பவர் அங்கேயே இருந்திருக்கலாம்' என்றும் எழுதிவிட்டார்கள். அதன்பின் எனக்கு எழுத்தே ஓடவில்லை. விட்டுவிடட்டுமா?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: விடாதீர்கள். உங்களை முடக்கிப்போட்டது அந்த வங்கி கவுன்டர் வாக்கியம்தான். அது விமர்சனமே இல்லை.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸுக்கும் இதே அடி விழுந்தது. 1818-இல் 'எண்டிமியன்' என்ற நெடுங்கவிதை வெளிவந்தபோது அவருக்கு வயது 22. அவர் மருத்துவம் படித்தவர் என்பதால், மருந்துக்கடைக்கே திரும்பிப் போய் மாத்திரையையும் களிம்பையும் பார்க்கச் சொன்னது 'பிளாக்வுட்ஸ்' இதழ். 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் எழுதியவரோ, நான்கு பாகங்களில் முதல் பாகத்தைத் தாண்டவில்லை என்று தானே ஒப்புக்கொண்டுவிட்டுக் கிழித்தார். 1821-இல் கீட்ஸ் ரோமில் காசநோயால் இறந்தார். ஆனால் மதிப்புரைதான் அவரைக் கொன்றது என்று சக கவிஞர் ஷெல்லி போன்றவர்களே எழுதினார்கள். அந்தக் கதை மீது எனக்குக் கோபம் உண்டு; அது கவிஞர்களைத் தொட்டாற்சிணுங்கி ஆக்கிவிடுகிறது. வசை வந்த அந்த 1818 அக்டோபருக்குள்ளேயே கீட்ஸ் தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். தன் எழுத்தைத் தானே விமர்சிக்கும்போது வரும் வலி, இந்த இதழ்கள் தரக்கூடிய வலியைவிடப் பெரிது என்கிறார். 'எண்டிமியன்' செப்பமில்லாத படைப்பு என்பதையும் ஒத்துக்கொள்கிறார். மறு வருடமே நைட்டிங்கேல் பற்றியும் இலையுதிர் காலம் பற்றியும் அந்தப் பெரும் பாடல்களை எழுதிவிட்டார்.

விமர்சனம் ஒரு கவிஞரைத் திரும்ப அழைத்து வந்ததும் உண்டு. 1959-இல் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா விமர்சனத்துக்கென்று 'எழுத்து' இதழைத் தொடங்கினார். கவிதையை விட்டு விலகியிருந்த புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தி மறுபடி கவிதைக்கு வந்தது அதன் வழியாகத்தான்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். அங்கே மதிப்புரை சொன்னது நியாயம். நாலு வெற்றிலையும் ஒற்றைக் காசும் கண்ணில் பட்டதுமே அம்மாவின் நிலைமை புரிந்துவிடுகிறது. வாசகர் தானாக உணர இருந்ததை 'துயரம்' என்ற சொல் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

மதிப்புரையை ஒருமுறை திறந்து, உங்கள் வரிகளைக் காட்டிப் பேசும் இடங்களை மட்டும் கோடிடுங்கள். உங்கள் வேலையையோ ஊரையோ சாதியையோ இழுக்கும் இடங்களை அடித்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கவிதையைக் கடைசி வரி இல்லாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த பதிப்பில் அப்படியே போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் 'துயரம்' இருக்கட்டும், கவிதை உங்களுடையது.