பணியாளர் கருத்துக்கணிப்பு: அரசு அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்குப் பணியாளர் கருத்துக்கணிப்புப் படிவம் வந்திருக்கிறது. பெயர் எழுத வேண்டியதில்லை என்கிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதலாமா? பிறகு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணை வராது என்பதற்கு என்ன உறுதி? (உதவியாளர், வட்டாட்சியர் அலுவலகம்)

பதில்: பெயர் கேட்கவில்லை என்பதாலேயே ஒரு படிவம் அடையாளமற்றதாகிவிடாது. முதலில் அதன் முதல் பக்கத்தைப் பாருங்கள். பதவி, பிரிவு, பாலினம், வயது, பணியில் சேர்ந்த ஆண்டு ஆகிய ஐந்தும் கேட்கப்பட்டிருந்தால், அந்த ஐந்து கட்டங்களை நிரப்பியதுமே நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும். தட்டச்சர், பெண் என்ற இரண்டு விவரங்களுக்குப் பொருந்துபவர் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் பெரும்பாலும் ஒருவராகத்தான் இருப்பார். அடுத்து, நிரப்பிய படிவத்தை யாரிடம் தரச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கண்காணிப்பாளரின் மேசையில் வைத்துவிட்டுப் பட்டியலில் ஒப்பமிட வேண்டும் என்றால், பெயரைத் தவிர்த்ததால் எந்தப் பயனும் இல்லை. "கருத்துகள்" என்ற காலியிடத்தில் பேனாவால் எழுதுவதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் உங்கள் குறிப்புகளைப் படித்து ஒப்பமிட்டவருக்கு உங்கள் கையெழுத்தை அறிந்துகொள்ள ஒரு வரி போதும்.

பிரிட்டன் அரசுப் பணியாளர்களிடம் 2009 முதல் ஆண்டுதோறும் நடத்தப்படும் கணிப்பிலும், அமெரிக்கக் கூட்டாட்சிப் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு வந்த கணிப்பிலும், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் பதிலளித்த பிரிவுக்குத் தனி அறிக்கை தயாரிப்பதில்லை என்ற வரம்பைக் கடைப்பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் அளவில் இதை அப்படியே பின்பற்றினால், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் பதிலளித்த வட்ட அலுவலகங்களின் பதில்களை மாவட்ட அளவில் தொகுத்து மட்டுமே வெளியிட வேண்டும். படிவங்களை மூடிய உறையில் வேறொரு துறைக்கோ பயிற்சி நிறுவனத்துக்கோ நேரடியாக அனுப்ப வேண்டும். அவற்றை யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதைச் சுற்றறிக்கையிலேயே எழுத வேண்டும். இவை இல்லாத இடத்தில் நீங்கள் குறியிடும் கேள்விகளுக்கு மட்டும் பதில் தந்து, காலியிடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அச்சமின்றி எழுதும் நிலையை உருவாக்க வேண்டிய கடமை படிவத்தை அனுப்பியவருடையது.

கேள்வி: எங்கள் துறையில் ஏறக்குறைய எல்லோரும் "மிக்க திருப்தி" என்றே குறித்திருக்கிறார்கள். இயக்குநரகத்தில் மகிழ்ச்சி, எனக்கு ஐயம். (துணை இயக்குநர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. நீங்கள் அனுப்பிய படிவத்தில் "உங்கள் மேலலுவலர் திறமையும் கனிவும் உள்ளவர் என்று கருதுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. திறமை உண்டு, கனிவு இல்லை என்று நினைப்பவர் எதைக் குறிப்பார்? அதைவிடப் பெரிய குறை, அந்தக் கேள்வி ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்படி அவருக்குக் கீழே வேலை செய்பவரிடம் கேட்கிறது. அப்படிக் கேட்டால் நம் அலுவலகங்களில் ஒரே பதில்தான் வரும்.

தீர்ப்பைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். கடந்த ஒரு மாதத்தில் மற்றவர்கள் முன்னிலையில் யாராவது உங்களைக் கடிந்து பேசினார்களா? தற்செயல் விடுப்புக் கேட்டபோது காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டதா? இரவில் வாட்ஸ்அப் குழுவில் வந்த உத்தரவுக்கு அன்றிரவே பதில் தர வேண்டியிருந்ததா? இவற்றுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வது எளிது; யாரையும் குறை கூறிய உணர்வும் வராது. யாரும் தொடாமல் விட்ட கேள்விகளையும் எண்ணிப் பாருங்கள். மற்றக் கேள்விகளையெல்லாம் நிரப்பியவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கூட்டாகத் தவிர்த்திருந்தால், அங்கே ஏதோ இருக்கிறது. அடுத்த முறை அச்சுக்கு அனுப்பும் முன், அலுவலக உதவியாளர் முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் வரை சிலரை உட்கார வைத்துப் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்தக் கேள்வியில் தயங்குகிறார்களோ அதை மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: கணிப்பு நடத்தினேன். காலிப் பணியிடங்கள், பதவி உயர்வு, பழைய ஓய்வூதியம் என்றே பதில்கள் வந்தன. இவற்றில் எதுவும் என் அதிகாரத்தில் இல்லை. பணியாளர்களோ "என்ன ஆயிற்று?" என்று கேட்கிறார்கள். (மாவட்ட அளவிலான அலுவலர்)

பதில்: கணிப்பு முடிந்து ஒரு மாதத்துக்குள், ஒரே ஒரு பக்கத்தில், அறிவிப்புப் பலகையில் பதில் சொல்லுங்கள். நானே செய்யப்போவது, அரசுக்கு எழுதியிருப்பது, என்னால் இயலாதது, அதற்கான காரணம் என்று பிரித்து எழுதினால் போதும். தமிழ்நாடு அரசில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வராதவர்களின் ஓய்வூதியம் அரசின் கொள்கை முடிவு என்பது உங்கள் பணியாளர்களுக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். அதை நீங்கள் தீர்க்கவில்லை என்று அவர்கள் கோபப்படப் போவதில்லை. எழுதியதை யாரேனும் படித்தார்களா என்பதே தெரியாமல் போனால்தான் கோபப்படுவார்கள். அடுத்த கணிப்பில் அவர்கள் மௌனமாவதற்கும் அதுவே காரணமாகும். அமெரிக்காவின் படிவத்தில், இந்தக் கணிப்பின் முடிவுகள் அலுவலகத்தை மேம்படுத்தப் பயன்படும் என்று நம்புகிறீர்களா என்று ஒரு கேள்வி இடம்பெற்றிருந்தது. உங்கள் படிவத்திலும் அதைச் சேருங்கள். ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் உண்டு என்றால் நான் அதைத்தான் வைப்பேன்.

உங்கள் அதிகாரத்தில் எதுவும் இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய ஆய்வு, லண்டனில் பணிபுரிந்த 10,308 அரசுப் பணியாளர்களை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்தது. தம் வேலையைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வாய்ப்புக் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததை அது காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் மேசையில் அமர்ந்து அலுவலக வேலை பார்த்தவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதை நம் அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். மாலை ஐந்தரை மணிக்கு "மிக அவசரம், உடன் அனுப்புக" என்று ஒரு புள்ளிவிவரம் கேட்கப்படுகிறது. அதே விவரத்தை முந்தைய வாரம் வேறொரு பிரிவு வேறொரு படிவத்தில் வாங்கியிருக்கிறது; கட்டங்களின் வரிசை மட்டும் மாறியிருப்பதால் உதவியாளர் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்கிறார். பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்து வர வேண்டியவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்த் தணிந்த குரலில் யாரிடமோ உதவி கேட்கிறார். பேரிடர், தேர்தல், நீதிமன்ற வழக்கு ஆகியவற்றைத் தவிர, பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு கேட்கப்படும் எந்த விவரமும் மறுநாள் நண்பகலில் தந்தால் போதும் என்று உங்கள் ஒப்பத்தோடு ஒரு அலுவலக ஆணை போட எந்த அரசாணையும் தேவையில்லை. ஆய்வுக் கூட்டத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுவதற்கும், கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கும், தபால்கள் ஒரே இருக்கையில் குவியாமல் பிரித்துக் கொடுப்பதற்கும் நிதித் துறையின் ஒப்புதல் வேண்டியதில்லை. பணிச்சூழல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவைதான்.

கேள்வி: ஒரு படிவத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றி இரண்டு வரி இருக்கிறது. பெயர் இல்லை. என்ன செய்வது? (கண்காணிப்பாளர்)

பதில்: எழுதியவர் யார் என்று தேடாதீர்கள், இதை முதலில் சொல்லியாக வேண்டும். கையெழுத்தை ஒப்பிடுவதும், பெண் பணியாளர்களை ஒவ்வொருவராக அறைக்கு அழைத்து விசாரிப்பதும் நல்லெண்ணத்தோடு செய்தாலும் அவருக்குத் தீங்காகவே முடியும்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த நிலையில் உள்ள பெண் அலுவலர் அதன் தலைவராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், வெளியிலிருந்து ஒருவர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். புகாரை எழுத்து மூலமாக, சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆகவே பெயரில்லாத இரண்டு வரியைக் கொண்டு விசாரணை தொடங்க முடியாது. ஆனால் அந்தக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால், நீங்கள் செய்யக்கூடியதை இந்த வாரமே செய்யுங்கள். குழு பெயரளவில் இல்லாமல் உண்மையில் இயங்குகிறதா, மாறுதலில் போனவர்களின் இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், பெண்கள் தனியாக நின்று படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். வேலையளிப்பவர் என்று சட்டம் கருதும் தலைமை அலுவலர் மீதே புகார் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவை அணுகலாம் என்பதையும் அந்த அறிவிப்பில் சேருங்கள்.

கேள்வி: எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை நடத்தலாம்?

பதில்: பிரிட்டனைப் போலவே ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசும் ஆண்டுதோறும் நடத்துகிறது. ஆண்டுதோறும் நடத்துவதற்கு அதற்கென்றே ஆட்களும் நேரமும் வேண்டும். அந்த வசதி இல்லாத துறைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும். முந்தைய கணிப்பின் முடிவைப் பணியாளர்களுக்குச் சொல்லாமல் அடுத்ததைத் தொடங்கக் கூடாது.

கேள்வி: வெளிமுகமை மூலம் வந்த கணினி இயக்குபவர்களும் தூய்மைப் பணியாளர்களும் அரசுப் பணியாளர்கள் அல்லவே. அவர்களையும் கேட்க வேண்டுமா? (நிர்வாக அலுவலர்)

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும். அதே கூரையின் கீழ், அதே அலுவலரின் சொற்படி வேலை செய்பவர்களை விட்டுவிட்டு அந்த அலுவலகத்தின் சூழலை அளக்க முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்ற அச்சம் இருப்பதால், முதல் கேள்விக்குச் சொன்ன பாதுகாப்புகள் இவர்களுக்கு இரட்டிப்பாகத் தேவை. படிவம் எந்த நிலையிலும் ஒப்பந்ததாரரின் கைக்குப் போகக் கூடாது. படிக்கத் தயங்குபவர்களுக்கு அலுவலகத்தைச் சேராத ஒருவர், கூடுமானவரை ஒரு பெண், கேள்விகளைப் படித்துக் காட்டிக் குறித்துக்கொள்ளலாம். இவர்களிடம் திருப்தியைப் பற்றிக் கேட்பதற்கு முன், மாதத்தின் எந்தத் தேதியில் ஊதியம் கைக்கு வருகிறது, சொன்ன தொகை முழுவதும் வருகிறதா, உட்கார்ந்து உணவு உண்ண இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால் அதைத் தரும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு, அதாவது உங்கள் அலுவலகத்துக்கு, வந்து சேரும். எனவே இந்தப் பதில்களைத் தொகுப்பு அறிக்கை வரும் வரை காத்திருக்க வைக்காமல், கிடைத்த அன்றே பார்த்துவிடுங்கள்.