காசு கட்டுன ஃபீச்சர் புது டெஸ்லால காட்டலன்னா என்ன பண்றது?

மொதல்ல பதறாதீங்க. கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் கார்லயே ஏற்கனவே இருக்கும், நீங்க காசு குடுத்தது சாஃப்ட்வேர்ல இருக்கிற பூட்டைத் தொறக்கத்தான், அந்தப் பூட்டு உங்க காரோட வின் நம்பரோட (எழுத்தும் எண்ணும் கலந்த 17 இடம் கொண்ட, ஒவ்வொரு காருக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்) கட்டுப்பட்டது. ஸ்க்ரீன்ல கன்ட்ரோல்ஸ் போய் சாஃப்ட்வேரைத் தொட்டா எந்த பேக்கேஜ் இருக்குன்னு காட்டும், அதை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் பில்லை எடுத்து அதுல இருக்கிற வின் நம்பரும் கார் முன் கண்ணாடிக்கு கீழ இருக்கிற நம்பரும் ஒண்ணுதானான்னு பாருங்க, அந்த ஃபீச்சர் தனி வரியா விலையோட இருக்கான்னும் பாருங்க.

எனக்கும் இப்படி ஆச்சு, அது வேற கம்பெனி, பேரு வேணாம். போன்ல "ரெண்டு நாள்ல வந்துரும் சார்"னே ஓட்டிட்டு இருந்தாங்க, கடைசில ஆப்ல சர்வீஸ் ரிக்வெஸ்ட் போட்டு பில்லையும் போட்டோவையும் சேத்து அனுப்புன பிறகுதான் வேலை நடந்துச்சு. அதனால எதுவா இருந்தாலும் எழுத்துல கேளுங்க.

நடுவுல காரை வைஃபைல போட்டு வைங்க, ஸ்டியரிங்ல இருக்கிற ரெண்டு உருளையையும் சேத்து அழுத்திப் பிடிச்சா ஸ்க்ரீன் ரீஸ்டார்ட் ஆகும், அதையும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க. அவசரத்துல ஆப்ல அதே ஃபீச்சரை திரும்ப காசு குடுத்து மட்டும் வாங்கிடாதீங்க, அப்புறம் ரீஃபண்டுக்கு வேற அலையணும்.