515 கி.மீ. என்ற கணக்கு நெடுஞ்சாலையில் ஏன் தேறுவதில்லை?

கேள்வி: ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப்பில் பெரிய பேட்டரி கொண்ட வகையை வைத்திருக்கிறேன். முழு சார்ஜில் 515 கி.மீ. ஓடும் என்றார்கள். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போனால் 380-ஐத் தாண்டுவதில்லை. உயரமான பெட்டி டிரெய்லரை இழுத்தால் 230-ஐ எட்டுவதே பெரும்பாடு. பேட்டரி பழுதாகிவிட்டதா?

பதில்: நீங்கள் தரும் எண்களை வைத்துப் பார்த்தால் பேட்டரியைச் சந்தேகிக்க இடமில்லை. 515 கி.மீ. (320 மைல்) என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முறைப்படி, நகர ஓட்டத்தையும் நெடுஞ்சாலை ஓட்டத்தையும் கலந்து கணக்கிட்ட தூரம். அந்த முறையின் அடிப்படை நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கிடைக்கும் முடிவைக் கணிசமாகக் குறைத்துத்தான் அறிவிக்கிறார்கள் என்றாலும், இடைவிடாமல் 120-இல் செல்லும் பயணத்துக்கு அது ஈடாகாது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், 100-லிருந்து 120-க்குப் போகும்போது அது 44 சதவீதம் கூடிவிடுகிறது; 100-இல் சென்றாலும் 20 கி.மீ. வேக எதிர்காற்று இருந்தால் நிலைமை அதேதான். அகன்ற முகமும் திறந்த பின்தொட்டியும் கொண்ட பிக்கப்புக்கு இந்தச் சுமை காரைவிட அதிகம்.

தூரத்தை விட்டுவிட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று பாருங்கள். உங்கள் பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 131 யூனிட், 515 கி.மீ. ஓட 100 கிலோமீட்டருக்கு 25.4 யூனிட்டில் முடிக்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் 380 கி.மீ. என்பது ஏறக்குறைய 34.5 யூனிட்; டிரெய்லருடன் 57. (முகமையின் விவரச்சீட்டில் ஏறத்தாழ 30 யூனிட் என்றிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம், சார்ஜ் ஏற்றும்போது வீணாகும் மின்சாரமும் அதில் அடக்கம்.)

டிரெய்லர் என்றதும் எல்லோரும் எடையைத்தான் நினைக்கிறார்கள். சமதளச் சாலையில் எடையைவிட டிரெய்லரின் முகப்பரப்பே அதிக மின்சாரத்தைத் தின்கிறது. மலையேற்றத்தில் எடை உறைக்கும் என்றாலும், இறக்கத்தில் மீள்பிரேக்கிங் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புவது) ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். காற்றில் கரைந்தது திரும்பாது. எனவே தாழ்வான திறந்த டிரெய்லர் போதுமான வேலைக்கு உயரமான பெட்டியை இழுக்காதீர்கள். இழுத்தே ஆக வேண்டுமென்றால் வேகத்தை 100-க்குள் வையுங்கள். வேறெந்தச் சிக்கன உத்தியும் இந்த அளவுக்குப் பலன் தராது என்பதே என் கருத்து. கரடுமுரடான பாதைக்கான டயர்களும் உயர்த்திய சஸ்பென்ஷனும் ரேஞ்சைக் குறைக்கும். கடுங்குளிரில், வண்டி சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரியையும் உட்புறத்தையும் சூடாக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நீண்ட பயணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைவதால், நடைமுறையில் 10-லிருந்து 80 வரையிலான பகுதியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவீர்கள். அது சுமார் 92 யூனிட்: தனியாகச் சென்றால் 265 கி.மீ., டிரெய்லருடன் 160 கி.மீ. நிறுத்தங்களை இந்தக் கணக்கில் திட்டமிடுங்கள். டிரெய்லரைக் கழற்றாமலே சார்ஜ் ஏற்ற இடமுள்ள நிலையமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னமும் பேட்டரியில் ஐயம் இருந்தால், மிதமான வெப்பநிலையில் முழு சார்ஜில் கிளம்பி, வழியில் நிறுத்தாமல் 30 சதவீதம் வரை ஓட்டிவிட்டு, திரை காட்டும் செலவான யூனிட்டை 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 131-க்கு அருகில் வந்தால் பேட்டரி நலமாக இருக்கிறது. வெகுவாகக் குறைந்தால், அந்த எண்ணுடன் சர்வீஸ் மையத்துக்குச் சென்று உத்தரவாதத்தின்கீழ் கொள்ளளவுச் சோதனை கேளுங்கள்.