ஜேர்மனியில் ஒரு துண்டுத் தோட்டம்: கேள்விகளும் பதில்களும்

நாற்பத்தைந்தாவது வயதில், ரூர் பகுதியில், சங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுக்கும் சிறுதோட்டம் ஒன்று எனக்குக் கிடைத்தது. இங்கே அதைக் க்ளைன்கார்ட்டன் என்றும் ஷ்ரேபர்கார்ட்டன் என்றும் சொல்வார்கள். பதினொரு கோடைகளை அதில் கழித்தவன் என்ற முறையில், நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

அண்ணா, இப்படி ஒரு தோட்டத்தைப் பெறுவது எப்படி? செலவு அதிகமா?

உங்கள் நகரத்துச் சிறுதோட்டச் சங்கத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்; பெரிய நகரங்களில் இந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். விண்ணப்பத்தை அனுப்பியதோடு நின்றுவிடாமல், ஒரு சனிக்கிழமை நேரில் போய் அங்கே வேலை செய்பவர்களோடு பேசிப் பாருங்கள். உள்ளூரில் தொழில்முறையில் காய்கனி பயிரிடும் நிலத்துக்கான குத்தகையின் நான்கு மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது என்று சட்டமே வரம்பிட்டிருப்பதால், ஆண்டுக் குத்தகை உங்களைப் பயமுறுத்தாது. முன்பிருந்தவர் விட்டுப்போகும் குடிலுக்கும் மரங்களுக்கும் மதிப்பீட்டின்படி கொடுக்கும் தொகையே கனமானது.

புல்வெளியும் பிள்ளைகளுக்கு ஓர் ஊஞ்சலும் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. 1983ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சிறுதோட்டச் சட்டம் தோட்டத்தின் பரப்பு 400 சதுர மீற்றரை மிஞ்சலாகாது என்றும், குடில் கூரையிட்ட முற்றத்தையும் சேர்த்து 24 சதுர மீற்றருக்குள் அடங்க வேண்டும் என்றும், நிரந்தரமாக வாழ ஏற்றதாக அது இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்திலாவது காயும் கனியும் விளைய வேண்டும் என்பதைக் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2004இல் உறுதிப்படுத்தியது. முதல் ஆண்டில் எனக்கும் இது இடைஞ்சலாகவே பட்டது. ஆனால் அந்த விதி இல்லாதிருந்தால் நான் ஒரு சாய்வுநாற்காலியோடு நின்றிருப்பேன், மண்வெட்டியைத் தொட்டிருக்கமாட்டேன்.

இந்தத் தோட்டங்களைத் தொடங்கியவர் மருத்துவர் ஷ்ரேபர்தானே?

அப்படித்தான் பலரும் நம்புகிறார்கள், ஆனால் அது சரியன்று. பிள்ளைகளின் உடற்பயிற்சியை வலியுறுத்திய லைப்ஸிக் நகரத்து மருத்துவரான ஷ்ரேபர் 1861இலேயே இறந்துவிட்டார். 1864இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைவர், மாணவர்களின் பெற்றோரோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, மறைந்தவரின் நினைவாக அவர் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தச் சங்கம் முதலில் அமைத்தது தோட்டமன்று, பிள்ளைகளுக்கான விளையாட்டுத் திடல்தான். பின்னர் கெஸல் என்ற ஆசிரியர் அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்காகப் பாத்திகள் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு விரைவிலேயே சலித்துவிட, களை மண்டிய பாத்திகளைப் பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள், வேலியும் குடிலும் வந்தன. நடுவயதினரின் இந்த இன்பம் பிள்ளைகள் கைவிட்ட பாத்தியிலிருந்து பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. லைப்ஸிக்கில் அந்தச் சங்கத்தின் வளாகத்திலேயே இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை எப்போது வெளியே நடலாம்?

மே 15க்குப் பிறகு நடுங்கள். மே 11 முதல் 15 வரையிலான நாட்களை ஐஸ்ஹைலிகன், அதாவது பனிப் புனிதர்களின் நாட்கள், என்று இங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். கடைசி நாளுக்குக் ‘குளிர்ந்த சோஃபி’ என்று பெயர். இதை மூடநம்பிக்கை என்று எண்ணி முதல் ஆண்டு ஏப்ரல் இறுதியில் நட்ட இருபது கத்தரி நாற்றுகளும் ஒரே இரவில் கருகிப்போயின.

இங்கே ஏப்ரலிலேயே 22 பாகை வெயில் அடிக்கிறதே, நடலாமா அண்ணா?

பகல் வெயிலை வைத்து முடிவெடுக்காதீர்கள், நாற்றைக் கொல்வது இரவு. மே 15.

கொத்தமல்லி ஓர் அடி வளர்ந்ததும் பூத்துவிடுகிறது. என்ன செய்வது?

இந்நாட்டின் நீண்ட கோடைப் பகலே காரணம். ஏப்ரலிலும் பின்னர் ஓகஸ்ட் இறுதியிலும் விதையுங்கள். கோடை நடுவில் தண்டுக்கீரையைப் போடுங்கள், அது வெயிலை விரும்பும்.

ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டுவரலாமா?

கூடாது. 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரும் செடிகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இங்கேயே வாங்கித் தொட்டியில் வையுங்கள்.

ஊர் விதையில் வந்த சுரைக்காய் கசக்கிறது. உப்பிட்டுப் பிழிந்து சமைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம், தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் அது அழியாது. 2015இல் ஹைடன்ஹைம் நகரத்தில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்து கசந்த சுக்கினி என்ற பூசணி வகைக் காயை உண்ட 79 வயது முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

பாகற்காயை உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொஞ்சம் கசப்புக்கு இவ்வளவு பயமா?

ஐயா, பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு, அந்தக் கசப்போடுதான் தலைமுறைகளாக அதை உண்டு வருகிறோம். சுரையிலும் சுக்கினியிலும் வெள்ளரியிலும் கசப்பு குறைந்த செடிகளையே மனிதர் தேர்ந்து தேர்ந்து வளர்த்தார்கள். அங்கே கசப்பு திரும்பினால் நச்சும் திரும்பிவிட்டது என்றுதான் பொருள். நம் நாக்கு கசப்புக்குப் பழகியிருப்பதாலேயே, துப்ப வேண்டியதை நாம் விழுங்கிவிடுவோம் என்று நான் அஞ்சுகிறேன்.

என் அம்மம்மா கசந்த சுரைக்காயைச் சமைத்தவர். தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தவர்.

உங்கள் அம்மம்மாவை மதிக்கிறேன். ஆயினும், ஒரு காயில் எவ்வளவு நச்சு இருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய வழியில்லை. இந்தியாவிலும் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தவர்கள் உண்டு. அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதைக் குறித்து எச்சரித்திருக்கிறது. வறட்சியிலும் கடும் வெயிலிலும் இக்கசப்பு கூடும். சுக்கினியும் அழகுக்காக வளர்க்கும் சில பூசணிகளும் ஒரே இனமாதலால், தேனீக்கள் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அக்காயிலிருந்து நீங்கள் எடுத்து வைக்கும் விதை அடுத்த ஆண்டு கசந்த காயைத் தரலாம். ஆகவே சுக்கினிக்கு ஆண்டுதோறும் புதிய விதையே வாங்குங்கள். இதைப் பற்றி இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதுவே என் பதில்.

கடையில் இரண்டு யூரோவுக்குக் கிடைப்பதற்காக ஐம்பது வயதில் முதுகு ஒடிய உழைப்பதில் என்ன இன்பம்?

ஜூன் மாதத்தில் இங்கே இரவு பத்து மணியை நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து மிதிவண்டியில் வந்து, தண்ணீர் ஊற்றிவிட்டு, குடில் வாசலில் அமர்ந்து தேநீர் குடிக்கும் அந்த மூன்று மணி நேரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முப்பது ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்ந்தும், மாடிப்படியில் வணக்கம் சொல்வதற்கு அப்பால் அயலவரோடு எனக்குப் பேச்சில்லாதிருந்தது. இங்கோ, வேலிக்கு அப்பாலிருக்கும் எண்பது வயது அம்மையார் சிவந்த யொஹானிஸ்பேரிப் பழங்களைக் கிண்ணம் நிறையத் தருகிறார். நான் வெந்தயக்கீரை கொடுக்கிறேன். அதை உருளைக்கிழங்கோடு வதக்கி உண்ண அவர் கற்றுக்கொண்டார். சென்ற குளிர்காலத்தில் நான் நோயுற்றிருந்தபோது, என் ஆப்பிள் மரத்தை எனக்குச் சொல்லாமலே கவாத்து செய்து வைத்திருந்தவரும் அவர்தான்.

கடைசியாக ஒன்று: குளிர்காலம் முழுதும் ஜன்னலோரம் நின்ற கறிவேப்பிலைத் தொட்டி இலையெல்லாம் உதிர்த்துவிட்டது. எறிந்துவிடவா?

எறியாதீர்கள். தண்டை நகத்தால் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. மார்ச்சில் நுனிகளை வெட்டி, வெளிச்சமுள்ள இடத்தில் குறைவாகத் தண்ணீர் ஊற்றி வாருங்கள், துளிர்க்கும். வெளியே வைப்பது மே 15க்குப் பிறகு.