9 வருஷமா டிப்ரஷன், மாத்திரை கேக்கல: டிஎம்எஸ் பண்ணிக்கலாமா டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயசு, திண்டுக்கல் பக்கம் ஸ்கூல் டீச்சரா இருக்கேன். 9 வருஷமா டிப்ரஷன். முதல்ல எஸ்சிடலோபிராம், அப்புறம் செர்ட்ரலின், இப்ப ரெண்டு வருஷமா வென்லாஃபாக்சின் 75, கூடவே ராத்திரி தூக்கத்துக்கு க்ளோனாசிபாம். வேலைக்குப் போறேன் வர்றேன், எதுலயும் மனசு ஒட்டல. மதுரைல ஒரு கிளினிக்ல டிஎம்எஸ்னு மெஷின் வச்சு 30 சிட்டிங் பண்ணலாம்ங்கறாங்க. எங்க அக்கா, அது ஷாக் ட்ரீட்மென்ட்தான், மூளை மழுங்கிடும்னு பயமுறுத்துறாங்க. பண்ணிக்கலாமா? பண்ணினா மாத்திரைய நிறுத்திடலாமா?

பதில்: பண்ணிக்கலாம்மா. டிஎம்எஸ்ங்கறது தலைக்கு வெளிய இருந்தே காந்தத் துடிப்பு குடுத்து மூளைய தூண்டற ட்ரீட்மென்ட். நீங்க எழுதினத வச்சுப் பாத்தா அதுக்குத் தகுந்த ஆள்தான் நீங்க. ஆனா இந்த வாரமே போய் 30 சிட்டிங்குக்கும் பணத்த மொத்தமா கட்டிடாதீங்க, அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு.

உங்க பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்து வைங்க. எந்த மாத்திரை, எத்தன மில்லிகிராம், எத்தன வாரம் விடாம சாப்பிட்டீங்க, இது மூணும்தான் வேணும். ரெண்டு மருந்த சரியான டோஸ்ல ஆறுலருந்து எட்டு வாரம் ஒழுங்கா எடுத்தும் சரியாகலன்னாத்தான் அத மருந்துக்குக் கட்டுப்படாத டிப்ரஷன்னு சொல்றது. வென்லாஃபாக்சின் 75ங்கறது ஆரம்ப டோஸ், பிபி பாத்துக்கிட்டே 225 வரைக்கும் ஏத்துற மருந்து அது, அதுல ரெண்டு வருஷமா 75லயே நின்னுக்கிட்டு இருக்கீங்க. இதுக்கு உங்கள குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, கூட்டமான ஓபில அதே மாத்திரைய கன்டினியூ பண்ணுங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்து அனுப்புறது நடந்துக்கிட்டேதான் இருக்கு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. அதே மாதிரி தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 கடைசியா எப்ப பாத்தீங்க? ராத்திரி பலமா குறட்டை விடுறீங்களா? பீரியட்ஸ் தாறுமாறா வர ஆரம்பிச்சிருக்கா? மருந்து கேக்காததுக்கு இதுல ஏதாவது பின்னாடி இருக்கலாம், அதான் கேக்கறேன். இன்னொண்ணு, எப்பவாவது நாலஞ்சு நாள் தூக்கமே தேவைப்படாம, பேச்சும் செலவும் வழக்கத்த விட ஓடி, உங்களுக்கே நான் வேற ஆளுன்னு தோணின காலம் இருந்துச்சா? இருந்திருந்தா அது பைபோலாரா, அதாவது மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி ஏறி ஒரு சமயம் இறங்கற நோயா இருக்கலாம், ட்ரீட்மென்ட்டே வேற பக்கம் போகணும்.

இதெல்லாம் பாத்தாச்சு, அப்பவும் சரியாகல, அதுக்கப்புறம் நாலாவது மாத்திரை அஞ்சாவது மாத்திரைன்னு மாத்திக்கிட்டே போறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. அமெரிக்கால ஸ்டார்-டின்னு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து 2006-ல ரிசல்ட் வந்துச்சு, முதல் மருந்துல மூணுல ஒருத்தருக்கு முழுசா சரியாச்சு, மூணாவது நாலாவது தடவ மருந்து மாத்துறப்ப அது நூத்துக்கு 13, 14 பேர்னு சுருங்கிடுச்சு. 2024-ல நெதர்லாந்துல வந்த ஒரு சின்ன ஆராய்ச்சி உங்க கேஸுக்கு இன்னும் பக்கத்துல இருக்கு. ஏற்கெனவே மருந்து கேக்காத 89 பேர்ல பாதிப் பேருக்கு டிஎம்எஸ், பாதிப் பேருக்கு வேற மாத்திரைன்னு குடுத்தாங்க, டிஎம்எஸ் பண்ணினவங்கள்ல நூத்துக்கு 37 பேர் கிட்ட நல்ல முன்னேற்றம், மாத்திரை மாத்தினவங்கள்ல 15 பேர் கிட்டத்தான். அப்ப டிஎம்எஸ்ல 60 பேருக்கு மேல அந்த அளவு பலன் கிடைக்கலங்கறதயும் சேத்தே படிச்சுக்கங்க. 95 பர்சன்ட் கேரன்டின்னு எந்த கிளினிக்காவது போர்டு வச்சிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

இப்ப அக்கா சொன்னதுக்கு வரேன். டிஎம்எஸ் வேற, ஷாக் வேற. டிஎம்எஸ்ல மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வர வைக்கறது கிடையாது, முழிச்சுக்கிட்டு சேர்ல சாஞ்சு உக்காந்திருப்பீங்க, அவ்ளோதான். முதல் நாள் தலைய அளந்து குறி வப்பாங்க, காயில்னு ஒரு கம்பிச் சுருள தலை மேல வச்சு ஒவ்வொரு துடிப்பா குடுத்துக்கிட்டே உங்க வலது கைய பாப்பாங்க, கட்டை விரல் தானா துள்ளும், நீங்க அசைக்காமலேயே. எந்த அளவு பவர்ல அது துள்ளுதோ அத வச்சுத்தான் உங்களுக்கான அளவ கணக்குப் போடறாங்க, அந்தத் துள்ளல பாத்ததும் நிறைய பேர் பயந்துடறாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. அப்புறம் அந்தச் சுருள முன்பக்கம் நகத்தி இடது நெத்திக்கு மேல வச்சு, நாலு செகண்ட் மரங்கொத்தி கொத்துற மாதிரி டகடகடகன்னு அடிக்கும், 26 செகண்ட் சும்மா இருக்கும், மறுபடி அடிக்கும், இப்படியே ஒரு 37 நிமிஷம். காதுக்கு அடைப்பான் கட்டாயம் வைக்கணும், குடுக்கலன்னா கேட்டு வாங்குங்க. தீட்டா பர்ஸ்ட்னு புது முறைல இதே வேலை மூணு நிமிஷத்துல முடியும், 2018-ல கனடாவுல ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து பலன்ல குறைச்சல் இல்லன்னு காட்டினாங்க. வாரம் அஞ்சு நாள், நாலுலருந்து ஆறு வாரம். திண்டுக்கல்லருந்து மதுரைக்கு தினம் போய்ட்டு வரணுமேன்னு இருந்தா அங்க தீட்டா பர்ஸ்ட் இருக்கான்னு கேளுங்க, காத்திருக்கற நேரமாவது மிஞ்சும்.

முதல் வாரம் தலைவலி, காயில் பட்ட இடத்துல எரிச்சல் வரலாம், பாரசிட்டமாலுக்கு அடங்கிடும். வலிப்பு ரொம்ப அபூர்வம், ஆயிரத்துல ஒருத்தருக்கும் கீழ. ஞாபக மறதி டிஎம்எஸ்ல வராது. தலைக்குள்ள ஆபரேஷன்ல வச்ச உலோக கிளிப், காது கேக்கறதுக்காக உள்ள வைக்கற காக்ளியர் இம்ப்ளான்ட், பேஸ்மேக்கர், முன்னாடி வலிப்பு வந்த சரித்திரம் இதுல ஏதாவது இருந்தா முதல் நாளே சொல்லிடணும், பல்லுல அடைச்ச சிமென்ட்டுக்கெல்லாம் கவலை வேணாம்.

அக்கா பயப்படுற ஷாக், அதாவது ஈசிடி, அதயும் நான் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். சாப்பாடே இறங்காம படுத்துட்டவங்க, யாரோ காதுல பேசற மாதிரி கேக்கறவங்க, உயிருக்கே ஆபத்தா நிக்கறவங்க, இவங்களுக்கு டிஎம்எஸ் பத்தாது, ஈசிடிதான் சீக்கிரமா எழுப்பி உக்கார வைக்கும். சினிமால காட்டற மாதிரி நாலு பேர் அமுக்கிப் பிடிச்சு குடுக்கறது இல்ல, மயக்க மருந்தும் தசை தளர்த்துற மருந்தும் குடுத்துத்தான் பண்றாங்க, அது இல்லாம பண்றத 2017 மனநலச் சட்டம் தடையே பண்ணிடுச்சு. ட்ரீட்மென்ட் நடக்கற வாரங்களும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்ததும் மறந்து போறது உண்டு, சிலருக்குப் பழைய விஷயம் சிலது திரும்ப வராமயே போயிடும், அத மறைக்காம சொல்லித்தான் கையெழுத்து வாங்கணும். உங்களுக்கு இப்ப அது தேவைப்படற நிலை இல்லன்னுதான் கடிதத்துலருந்து தெரியுது.

ஆனா ஒண்ணு நீங்க எழுதல, நான் கேட்டே ஆகணும். செத்துப் போயிடலாம்னு எண்ணம் வருதா? வருதுன்னா இந்த சீட்டு, மெஷின், மதுரை எல்லாத்தயும் ஒதுக்கி வச்சுட்டு இன்னைக்கே அக்காகிட்ட வாய விட்டு சொல்லுங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். எண்ணம் அதிகமா இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனை எமர்ஜென்சிக்கு அக்காவயும் கூட்டிக்கிட்டுப் போங்க.

பண விஷயம். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுல முதல்ல விசாரிங்க, பெங்களூரு நிம்ஹான்ஸ்ல டிஎம்எஸ் ஈசிடி ரெண்டும் இருக்கு. தனியார்ல பண்றதுன்னா வாரா வாரம் கட்டற மாதிரி கேளுங்க, மெஷின் பக்கத்துல டெக்னீஷியன் மட்டும் இல்லாம சைக்யாட்ரிஸ்ட் உங்கள வாரம் ஒருக்கா உக்கார வச்சுப் பேசி, டிப்ரஷன் எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு மார்க் போட்டுப் பாப்பாரான்னும் கேளுங்க, இல்லன்னு சொன்னா வேற இடம் பாருங்க. பத்து சிட்டிங்ல ஒண்ணும் தெரியலன்னு விட்டுடாதீங்க, மூணாவது நாலாவது வாரத்துலதான் பல பேருக்குத் தெரிய ஆரம்பிக்கும். நல்லாகி பல மாசம் கழிச்சு மறுபடி இறங்கினா திரும்பப் பண்ணிக்கலாம், முதல் தடவ கேட்டவங்களுக்கு ரெண்டாவது தடவயும் கேக்கறது வழக்கம்.

மாத்திரைய நிறுத்தலாமான்னு கேட்டீங்க. கூடாது. டிஎம்எஸ்ங்கறது மாத்திரையோட சேத்துக் குடுக்கறது, நல்லானதுக்கு அப்புறமும் கொஞ்ச காலம் மாத்திரை ஓடணும். ஆனா ராத்திரி க்ளோனாசிபாம் இருக்கே, அது டிஎம்எஸ்ஸோட பலன குறைக்கும்னு பல ஆராய்ச்சில காட்டுது, அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர வச்சு வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, திடீர்னு நிறுத்தினா தூக்கம் போயி நடுக்கம் வரும், வலிப்பு கூட வரலாம். வென்லாஃபாக்சின ஒரு நாள் ரெண்டு நாள் விட்டாலே தலை சுத்தும், தலைக்குள்ள கரன்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இருக்கும். சிட்டிங் நடக்கறப்ப அப்படி வந்தா மெஷின்தான் ஏதோ பண்ணிடுச்சுன்னு நினைச்சு ட்ரீட்மென்ட்ட விட்டுடாதீங்க, முந்தின நாள் மாத்திரை போட்டீங்களான்னு முதல்ல பாருங்க.