தானே பேசும் புத்தகமா, போர்டு புக்கா?

கேள்வி: மகளுக்கு 9 மாதம். பட்டனை அழுத்தினால் பாட்டும் மிருகச் சத்தமும் வரும் புத்தகம் 700 ரூபாய்; கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்ட சாதாரண போர்டு புக் 200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. எதைக் கொடுத்தாலும் கடிக்கிறாள். எதை வாங்குவது?

பதில்: போர்டு புக்கையே வாங்குங்கள். விலைக்காகச் சொல்லவில்லை. புத்தகம் பேச ஆரம்பித்தால் அம்மாவின் பேச்சு குறைந்துவிடும். 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் கவனித்த அமெரிக்க ஆய்வு 2015 டிசம்பரில் வெளியானது. புத்தகம் கையில் இருந்தபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 67 சொற்கள் பேசினார்கள். சத்தமிடும் மின்னணு பொம்மையோடு விளையாடியபோது 40தான். குழந்தைகளின் மழலையும் குறைந்தது.

பட்டன் புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சட்டைப் பட்டன் போல வட்டமாக இருக்கும் சிறிய பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

போர்டு புக்கில் பார்க்க வேண்டியவை: உருண்டையான மூலைகள், குழந்தையே புரட்டும் அளவு கெட்டியான தாள், பக்கத்துக்கு ஒரே பெரிய படம். ஒட்டிய கண், மணி, ஜிகினா இருந்தால் வேண்டாம். மை வாடை தூக்கலாக அடித்தாலும் வேண்டாம். சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் கிடைக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைப் போனில் காட்டாமல் அச்செடுத்துக் காட்டுங்கள்; ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

கடிப்பது இந்த வயதின் இயல்பு, தடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்கினால் அட்டை ஊறிப் பிரியும். உரிந்த தாள் தொண்டையில் ஒட்டும், அந்தப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள்.

தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு மடியில் வைத்து மூன்று நிமிடம் போதும். எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டியதில்லை. அவள் பார்க்கும் படத்தைத் தொட்டு, "காக்கா! காக்கா எங்கே?" என்று கேளுங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த இடைவெளியைத்தான். குழந்தை வாயெடுப்பதற்குள் அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அவள் "கா" என்றால், "ஆமாம், கறுப்புக் காக்கா" என்று ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நடுவில் தவழ்ந்து போனால் விட்டுவிடுங்கள்.

அதே காக்காவைச் சோறூட்டும்போது ஜன்னலில் காட்டுங்கள். குளிக்க வைக்கையில் "இப்போ கை, இப்போ கால்" என்று தினமும் அதே வரிசையில் சொல்லுங்கள். சில வாரத்தில் "இப்போ" என்றதுமே காலை நீட்டக்கூடும்.