1710 வரைபடத்தில் சாக்சே-ஐசன்பெர்க் எங்கே?

1690 வரைபடத்தில் இருக்கும் சாக்சே-ஐசன்பெர்க் என்ற குட்டி ஜெர்மன் நாடு, 1710இல் காணவில்லை, போரில் பறிபோனதா என்று கேட்டிருந்தீர்கள். போரே இல்லை, வாரிசுதான் இல்லை. கோத்தா நாட்டை ஆண்ட எர்ன்ஸ்ட் 1675இல் இறந்ததும், அவருடைய ஏழு மகன்களும் 1680இல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஐந்தாமவர் கிறிஸ்டியானுக்கு ஐசன்பெர்க், ரோன்னெபுர்க், ரோடா, காம்புர்க் கிடைத்தன. இவ்வளவு சின்ன நாட்டின் வருமானத்தில் அரண்மனையும் கட்டினார், ரசவாதத்திலும் பணத்தைக் கொட்டினார், கடன்தான் மிஞ்சியது. பாவம், ஒரே மகள். அங்கே பெண்ணுக்கு ஆட்சியுரிமை கிடையாது. 1707இல் கிறிஸ்டியான் இறந்ததும் நாடு, சாக்சே-கோத்தா-ஆல்டென்புர்க்கை ஆண்ட அண்ணன் வழிக்குப் போய்விட்டது. அதனால் உங்கள் 1710 வரைபடத்தில் அந்தப் பகுதிக்கு சாக்சே-கோத்தா-ஆல்டென்புர்க்கின் நிறத்தையே கொடுங்கள்.